விலை எழுதிய கட்டில்

ஊர்க்கடைகள் அழியக் கூடாது என்று வந்த புது விதியில் தங்கப்பழத்தின் பலசரக்குக் கடையும் மாட்டிக்கொண்டது. கடையை மூடக் கூடாது. முன்னறையில் விற்பனைக்கு இல்லாத எதையும் வைக்கக் கூடாது. மீறினால் கடையோடு சேர்ந்த வீட்டையும் பூட்டிவிடுவார்கள். போக வேறு இடம் இல்லை.

பின்னறையில் சன்னல் கிடையாது. மூச்சிரைப்பு முற்றிய மனைவி ரூபாவதி அங்கே படுத்தால் உதடு நீலமாகிவிடும். அதனால் தங்கப்பழம் அவள் கட்டிலை முன்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே போட்டிருந்தார்.

சோதனைக்கு வந்த அதிகாரி கேட்டார். "இது என்ன அண்ணாச்சி?"

"சரக்குதான் சார்." தங்கப்பழம் அவசரமாக ஓர் அட்டையில் விலை எழுதிக் கட்டில் காலில் கட்டினார். கை, கடைக்காரப் பழக்கத்தில், உடனே விற்றுப்போகிற விலையை எழுதியிருந்தது.

"என்னையும் சேத்தா?" என்றாள் கட்டிலில் படுத்திருந்த ரூபாவதி. "அப்ப கொஞ்சம் கூட்டிப் போடுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். சோடா குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் குனிந்து அட்டையைப் படித்தார். பணத்தை எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

"நல்ல தேக்கு. குடுத்துருங்க அண்ணாச்சி."

"அது வேற ஆளுக்குச் சொல்லியாச்சு."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. "குடுக்க மாட்டேன்னா அது சரக்கு இல்லையே அண்ணாச்சி."

லாரிக்காரர் தலைமாட்டைப் பிடித்தார். தங்கப்பழமும் தூக்குவதற்குப் போய்க் கால்மாட்டைப் பிடித்தார். ரூபாவதி இன்னும் இறங்கவில்லை.