இரண்டாவது ரவுண்டு

“நீலம்தான் சார் ஜெயிச்சுது!”

கதவைத் தட்டாமல் உள்ளே வந்த அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஜட்ஜ் கையிலிருந்த டீயை மேஜைமேல் வைத்தார். இனி அது ஆறித்தான் போகும்.

அவருக்கு இது புதிதல்ல. கம்பிக் கூண்டுக்குள் இருவர் மோதும் கூண்டுச் சண்டைக்கு மார்க் போட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. ஜெயித்தவன் வீட்டிலிருந்து ஒருத்தர்கூட அவரைத் தேடி வந்ததில்லை. தோற்றவன் வீட்டார் மட்டும் தவறாமல் வருவார்கள், வந்து கண் தெரியுமா என்று கேட்பார்கள். வார நாட்களில் தான் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துவதை அவர் யாரிடமும் மூச்சுவிடுவதில்லை.

“உட்காருங்கம்மா.”

“உட்கார வரல. ரெண்டாவது ரவுண்டுக்கு என்ன சார் போட்டீங்க?”

“சிவப்புக்குப் பத்து, நீலத்துக்கு ஒம்பது.”

“எப்படி சார் மனசு வந்துச்சு?”

அந்த ஒரு மார்க்கில்தான் எல்லாம் இருந்தது. முதல் ரவுண்டு சிவப்பு மூலைக்காரனுக்கு, மூன்றாவது நீல மூலைக்காரனுக்கு; இதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவதில் ஒரு ஜட்ஜ் சிவப்பு என்றார், இன்னொருவர் நீலம் என்றார். மூன்றாவது சீட்டு இவருடையது. கால் மணி நேரம் முன்புதான் ரெஃப்ரி சிவப்பின் கையைப் பிடித்துத் தூக்கியிருந்தார்.

“பெத்தவங்களுக்குத் தன் பிள்ளைதான் ஜெயிச்ச மாதிரி தெரியும்மா. அது இயற்கை” என்றார் ஜட்ஜ், வழக்கமாகச் சொல்வதைப் போல.

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

“மூணு நிமிஷம் நீலத்தைக் கம்பியோட சேர்த்து அழுத்திப் பிடிச்சிருந்தானே சிவப்பு, பார்க்கலையாம்மா?”

“பிடிக்கிறது அடியா சார்? யாரு அடி பலமா விழுந்துச்சுன்னுதான் முதல்ல பார்க்கணும். அதுல ரெண்டு பேரும் சமம்னா மட்டும்தான் பிடியைக் கணக்குல எடுக்கணும். உங்க விதிப் புத்தகத்துலயே இருக்கு. நாலு தடவை படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.”

ஜட்ஜ் செருமிக்கொண்டார். அந்தப் புத்தகத்தைத் தான் கடைசியாக எப்போது புரட்டினோம் என்று அவருக்கு ஞாபகமில்லை.

“பிடிக்குள்ள மாட்டிக்கிட்டே நீலம் முழங்கையால ஏழு தடவை இடிச்சான். நான் எண்ணினேன். ஏழும் இடது புருவத்துல. ஆறு மாசம் முன்னாடி நாலு தையல் போட்ட அதே இடம். பொளந்துடுச்சு சார்!”

எதிராளியின் பழைய தையல்வரை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாளே என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. பேசாமல் இவளையே ஜட்ஜாகப் போட்டிருக்கலாம்.

அறையில் வேறு யாருமில்லை. மற்ற இரண்டு ஜட்ஜுகளும் அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்கள். இருந்தாலும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்னம்மா. நான் உட்கார்ந்திருந்த பக்கம் ரெஃப்ரி முதுகு மறைச்சுடுச்சு. முழங்கை ஒண்ணுகூட என் கண்ணுல படல. சீட்டைக் குடுத்தப்புறம் ரத்தத்தைப் பார்த்ததும்தான் உறைச்சுது. அந்த ரவுண்டு நீலத்துக்குத்தான் போட்டிருக்கணும்.”

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தப்பை ஒப்புக்கொண்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

“அப்ப மாத்திடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“முடியாதும்மா. ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் சீட்டைக் கையோட வாங்கிட்டுப் போயிடுவாங்க. குடுத்தது குடுத்ததுதான். நான் பார்க்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலும் முடிவு மாறாது.”

உட்கார வரவில்லை என்றவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. “இதுக்குப் போய் அழலாமா? பையனுக்கு என்ன, இருபத்திரெண்டு வயசு இருக்குமா? இன்னும் பத்து வருஷம் தாராளமா ஆடலாம்.”

“பத்து வருஷமா!” அழுகை இன்னும் பெரிதானது. “இன்னிக்குத் தோத்தா இந்தச் சண்டையையே விட்டுடறேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கான் சார்!”

ஜட்ஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் கண்ணில் படாத ஏழு முழங்கைகளால் ஒரு பிள்ளையின் எதிர்காலமே போய்விட்டதா?

“ஐயையோ, என் தப்புக்கு அவன் ஏம்மா விடணும்? நானே வந்து பேசறேன். சத்தியமாவது ஒண்ணாவது, தூக்கிப் போட்டுட்டு நாளைக்கே பயிற்சிக்குப் போன்னு சொல்றேன்.” அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். “வாங்க. நீலக்காரங்க ரூம்தானே?”

அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“சிவப்பு, சார்.”