குளிசைக்கு ஆர் சொன்ன?

கல்முனை மருந்துக்கடையில் மின்விசிறி கொப்பித் தாள்களைப் புரட்டப் பார்க்கிறது. கடையில் வேலை செய்யும் ஜுனைதீன் அவற்றை முழங்கையால் அழுத்திக்கொண்டு மருந்துகளின் அளவுகளைப் பாடமாக்குகிறான். மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியால் மருந்தாளர் சோதனையில் இரண்டு தடவை தவறியவன். சனிக்கிழமை கடைசித் தடவை. தலையிடிக்குக் குளிசை வாங்கிய அன்னப்பிள்ளை அதை வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள். "தம்பி, இது போறது வயித்துக்கு. நோவு தலையில எண்டு இதுக்கு ஆர் சொன்ன?" "நாளைக்கு மூணுதரம், சாப்பிட்டுப்போட்டு," என்கிறான் ஜுனைதீன். "அதையா கேட்ட நான்?" அவன் கொப்பியை முன்னும் பின்னும் புரட்டுகிறான், அளவுகள்தான் இருக்கின்றன. "தெரியா அக்கா." அவள் சிரித்துக்கொண்டே குளிசையை விழுங்குகிறாள். அவன் வெற்றுத் தாளொன்றை எடுத்துக்கொண்டு உட்காரும் வாங்குப் பலகையை அவள் பக்கம் தள்ளுகிறான். "கொஞ்சம் இருங்க அக்கா. நோவு முதல்ல எங்க விடுதெண்டு சொல்லுங்க." அவள் நெற்றியைத் தடவியபடி உட்காருகிறாள். "சோதினை உனக்கா, எனக்கா தம்பி?"