குப்பனூர் ரோட்டில் எம்பெயோரார்

குப்பனூர் ரோட்டில் ஏற்காடு ஏறும்போது, பிரபாகர் காரில் ஸ்பானிஷ் பாடம் கேட்டுக்கொண்டு வந்தான். "எம்பெயோரார் என்றால், இருக்கிற சிக்கலை இன்னும் மோசமாக்குவது" என்றது செல்போன்.

கொண்டை ஊசி வளைவில் வண்டிகள் நின்றுவிட்டன. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மேலே நடந்தான்.

"எம்பெயோரார் பண்றதுக்குன்னே வண்டி எடுத்துட்டு வர்றீங்களா? ஏறுற வண்டிக்கு வழி விடணும்னு தெரியாதுங்களா?" என்று கத்தி, எதிரே இறங்கிய பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கவைத்தான். முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக மேலேறிப் போயின.

அப்புறமும் கீழே ஹாரன் அலறியது.

"இன்னும் எவன் அடைச்சுக்கிட்டு நிக்கறான்?"

கீழிருந்து மூச்சிரைக்க ஏறிவந்த லாரி டிரைவர் அவன் சட்டையைப் பிடித்து, மரியாதையாகவே கேட்டார்:

"ஏனுங்க, நடு ரோட்டுல காரைப் பூட்டிட்டு வந்து இங்க என்னங்க பஞ்சாயத்து? சாவியை எடுங்க."