உட்காராத பெரியவர்கள்

மூன்று பெரியவர்களும் வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு கூடத்தில் நின்றார்கள். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. கேட்டு வந்ததற்குச் சம்மதம் கிடைக்காமல் உட்காருவது எத்தியோப்பியாவின் தெப்ரே பிர்ஹான் ஊரில் வழக்கமில்லை.

பெண் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் கெசாஹேனுக்குப் புரிந்துவிட்டது. வரி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், எல்லாம் தனக்கு முதலிலேயே தெரியும் என்கிற நோய் மட்டும் அவரை விடவில்லை. மகள் ஹிருத்துக்கு முப்பது தாண்டிவிட்டது. பெண் கேட்டு இதுவரை ஒருவரும் படியேறவில்லை. அப்பாவின் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் ஒதுங்கிப் போனார்கள்.

"சிசாய் அனுப்பி வந்திருக்கோம். நீங்க கொஞ்சம் மனசு பெருசு பண்ணணும்" என்று மூத்தவர் வெல்டே ஆரம்பித்தார்.

"யாரு, எதிர்வீட்டுல மாடு, கோழின்னு பொஸ்தகம் போடுறவனா?"

அதற்குமேல் வெல்டேயைப் பேச விட்டால்தானே. சிசாய் குழந்தைகளுக்காக உழவு, கால்நடை, ஊர்ப் பழக்கம் என்று படம் வரைந்து, மேலே அம்ஹாரிக்கிலும் கீழே இங்கிலீஷிலும் கதை எழுதுகிறவன். ஏர் பிடிக்கத் தெரியாதவன் எழுதுகிறானாம், ஏரையே பார்க்காத பிள்ளைகள் படிக்கிறார்களாம். கோழி கூவுவதை இரண்டு பாஷையில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா என்றார் கெசாஹேன். அந்தக் குப்பையைத் தான் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

அதோடு நின்றாரா? அவன் புத்தகங்களைப் படித்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களாம். இப்போதெல்லாம் தெருவில் தன்னைக் கண்டாலே பல்லை இளித்துக்கொண்டு ஓடுகிறார்களாம். பெரியவர்களுக்கு மரியாதை என்று ஒரு பக்கமாவது எழுதினானா என்று கேட்டார்.

திரைக்குப் பின்னால் காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்த ஹிருத் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அந்தப் புத்தகங்களை வகுப்பில் வாசித்துக் காட்டுகிற டீச்சர். பெண்ணுக்கு வெட்கம் என்று அப்பா எண்ணிக்கொண்டார்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார் வெல்டே.

ஒன்றுமில்லாதவனாகப் பிறந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறான் போலிருக்கிறது என்று கெசாஹேன் கெக்கலித்தார். ஆனால் உள்ளுக்குள் கணக்குப் போட்டார். இவர்களையும் விரட்டிவிட்டால் இந்த வாசலுக்கு இனி யார் வரப்போகிறார்கள்? கால் மேல் கால் போட்டுக்கொண்டு, நாட்டையே தானம் கொடுக்கிறவரைப் போலக் கையை விரித்தார்.

"சரி, தொலையட்டும். மன்னிச்சேன். பொண்ணையும் தரேன். ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் கிறுக்கலை எல்லாம் விட்டுட்டு, உருப்படியா ஒரு வேலைக்குப் போகணும்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்கள். வெல்டே தொண்டையைச் செருமினார்.

"பொண்ணு கேட்டு வரலைங்க. புதுப் பொஸ்தகத்துல கழுதைக்கு உங்க மூஞ்சிய வரைஞ்சுட்டான், அதுக்குத்தான் மன்னிப்பு."