கேப்டனின் பெருந்தன்மை

"தப்பு என்னோடது" என்று திரையில் கேப்டன் சொன்னதும், கூட்ட அறையில் இருந்த முப்பது பேரும் கைதட்டினார்கள். திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்த நிஜக் கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாருங்க, இப்பவும் எவ்வளவு அடக்கம்" என்றார் மேலாளர் அம்மா. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், ஆள் எடுப்பதும் அவர் பொறுப்பு.

கேப்டன் என்பது ஒட்டிக்கொண்ட பெயர். இரண்டு வருடத்துக்கு முன்னால் தொலைக்காட்சியில் ஒரு சமையல் போட்டி. நாலு பேர் அணிக்கு அவர் தலைவர். கோப்பை கிடைக்கவில்லை, அந்த ஒரு வாக்கியம் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போய்த் தலைமைப் பண்பு பற்றிப் பேசுவதுதான் இப்போது பிழைப்பு. கரண்டி பிடித்த கை மைக் பிடிக்கப் பழகிவிட்டது.

மேலாளர் அம்மா படத்தை முதலிலிருந்து ஓட்டினார். நூறு விருந்தாளிகள், நாலு அடுப்பு, சுவரில் ஓடும் கடிகாரம். சூப்பு அடுப்பில் ஒல்லியாக ஒரு பெண். கேப்டன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிறார். சோற்றுக்குத் தீயைக் குறைக்கிறார், சூப்புப் பானையில் என்னவோ தூவுகிறார், இறைச்சியைத் திருப்பிப் போடுகிறார், தட்டுகளைத் துடைக்கிறார்.

"நின்ன இடத்துல நின்னு ஆர்டர் போடல. எல்லா வேலையிலயும் கை வைக்கிறாரு. இதுதான் லீடர்" என்று அம்மா சொன்னதை முன்வரிசையில் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. சூப்பு உப்புக் கரித்தது. நடுவர் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார், யார் வேலை என்றார். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் கேப்டன் முன்னால் வந்து நின்றார்.

நடுவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தலைவர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கேப்டனைக் கட்டிக்கொண்டார்; அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார். தொகுப்பாளர் சும்மா இருப்பாரா? "உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்போம்" என்று கையசைத்து வழியனுப்பினார். அன்றிலிருந்து அவள் பெயர் உப்பக்கா.

"கீழ வேலை பாக்கறவங்க செஞ்ச தப்பைத் தன் தப்புன்னு சொல்ற மனசு இங்க எத்தனை பேருக்கு இருக்கு?" என்று அம்மா கேட்டார். விற்பனைப் பிரிவுத் தலைவர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் இன்னொரு தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. உப்பக்கா வெளியே வரவேற்பறையில்தான் உட்கார்ந்திருந்தாள். காலையில் உள்ளே வரும்போது, மடியில் மூடி போட்ட பாத்திரத்தோடு அவளைப் பார்த்தார். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று அவள் எழுந்தே நின்றாள். அவர் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். இந்த இரண்டு வருடத்தில் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் ஏன் வந்திருக்கிறாள் என்பதை அம்மாவே சொன்னார், தமாஷாக. கம்பெனி கேன்டீனை எடுத்து நடத்த மூன்று பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள், அதில் ஒருத்தி நம்ம உப்பக்கா. அறை குலுங்கியது. தண்ணீர்க் குழாய் இன்னும் நாலு போட வேண்டியிருக்கும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் அம்மா மீதியைச் சொன்னார். இரண்டு வருடமாக எந்த ஓட்டலும் அவளைச் சேர்க்கவில்லையாம், முகத்தைப் பார்த்ததுமே சிரிக்கிறார்களாம். பாவம் என்று உட்கார வைத்திருக்கிறார்கள், மதியம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

"கொண்டு வந்ததை யாராவது ருசி பாத்தீங்களா?" என்றார் கேப்டன்.

"எதுக்கு சார்? அதான் டி.வி.யிலயே பாத்தோமே."

கேப்டன் எழுந்தார். அடுத்த மாதம் முழுக்க ஒன்பது கம்பெனிகளில் பேச ஒப்புக்கொண்டிருந்தார்; எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு, ஒரே படம். அவளை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

"மறுபடியும் காப்பாத்தப் போறாரு பாருங்க" என்று அம்மா முன்வரிசையிடம் மெதுவாகச் சொன்னார்.

உப்பக்கா பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு வாசலருகே நின்றாள். முப்பது முகங்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்தினாள். பிறகு கேப்டனைக் கண்டு கும்பிட்டாள்.

"எங்க போனாலும் இவரைப் பத்தித்தான் சொல்வேன் மேடம்" என்றாள். "உப்பை ரெண்டு தடவை போட்ட மறதிக்காரி நான். ஊரே பாக்க, எனக்காகப் பொய் சொன்ன மனுஷன் இவரு."

கேப்டனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மைக்கை மேசைமேல் வைத்தார்.

"பொய் இல்லம்மா. அன்னைக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன்."