பதிமூன்று அடி எட்டு அங்குலம்

"போர்டைப் படிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் யாருய்யா லைசென்ஸ் கொடுத்தது?"

கார் கண்ணாடியை இறக்கி ஆங்கிலத்தில் கத்திவிட்டு, ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

நிருஜனின் டிரக் ரயில் பாலத்துக்கு அடியில் சிக்கி அரை மணி நேரம் ஆகிறது. டிரெய்லரின் மேல் விளிம்பு பாலத்து இரும்பில் நசுங்கி மாட்டிக்கொண்டிருந்தது. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கார்கள். விடாமல் ஹார்ன்.

பாலத்தின் நெற்றியில் மஞ்சள் போர்டு: 13 அடி 8 அங்குலம்.

"என்ர டிரெய்லர் பதிமூன்றரை அடிக்குள்ளதான்" என்று மூன்றாவது முறையாகப் போலீஸ்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னான். "நியூ ஜெர்சியில அதுக்கு மேல ஓடவே ஏலாது, ஐயா."

"போர்டு பொய் சொல்லாது" என்றார் அவர். "உன் பேரில் ஏற்கெனவே ஒரு விபத்து இருக்கு. இது ரெண்டாவது."

இரண்டாவது என்றால் கம்பெனி வைத்திருக்காது. நிருஜன் டிரக்கைச் சுற்றி நடந்தான். நின்றான். மறுபடி நடந்தான்.

ஜெர்சி சிட்டியிலிருந்து மனைவி தர்சனா அழைத்தாள்.

"என்னப்பா ஆச்சு?"

"இந்த மாவட்டத்து ரோடுகளைப் பாக்கிற கவுண்டி இஞ்சினியர் இப்பதான் வந்திறங்கினவ. அஞ்சனாவாம். பேரைக் கேட்டா எங்கட ஆள் போலத்தான் இருக்கு."

"அப்ப ஏன் பயப்பிடுறியள்? போய்க் கதையுங்கோ."

அஞ்சனாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மஞ்சள் ஜாக்கெட், தலையில் ஹெல்மெட். நிருஜன் அருகில் போனான்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவனை ஒரு கணம் பார்த்தாள்.

"இப்ப என்கிட்ட எதுவும் பேசாதீங்க, ப்ளீஸ்."

அவ்வளவுதான். அவனைத் தாண்டிப் போய்விட்டாள்.

இதற்குள் வந்து சேர்ந்த இழுவை வண்டிக்காரன் டயர் பக்கம் குனிந்தான். "காத்தைக் கொஞ்சம் இறக்கினா வண்டி தாழ்ந்துடும். ரெண்டு நிமிஷத்துல பின்னால இழுத்துடலாம்."

"நோ!" அஞ்சனா ஓடி வந்தாள். "நான் அளந்து முடிக்கிற வரைக்கும் யாரும் டயரைத் தொடக்கூடாது."

"மேடம், பின்னால ரெண்டு மைலுக்கு டிராஃபிக் நிக்குது" என்றார் போலீஸ்காரர்.

"நிக்கட்டும்."

நீண்ட அளவுகோலை டிரெய்லரின் பின்பக்கம் நிறுத்தி அளந்தாள். எழுதினாள். மறுபடி அளந்தாள். போட்டோ எடுத்தாள். பிறகு பாலத்துக்கு அடியில் போய், தார் ரோட்டில் மண்டியிட்டு, அங்கேயும் மூன்று இடத்தில் அளந்தாள். மூன்றையும் எழுதிக்கொண்டாள்.

அவளுடைய போன் அடித்தது. தமிழில்தான் பேசினாள்.

"பாத்துட்டேன் கிரீஷ். சந்தேகமே இல்ல... ஆமா, எழுதத்தான் போறேன். வேலை போகும்னு எனக்குத் தெரியாதா? போனா போகட்டும். உள்ளதை மறைச்சு எழுத என்னால ஆகாது."

நிருஜனுக்குக் காது சுட்டது. ஒருத்தன்ர சோத்தில மண்ணைப் போடுறதை எவ்வளவு லேசாச் சொல்லுறா!

அவள் டிரக் பானெட்டின் மேல் படிவத்தை வைத்து எழுதத் தொடங்கினாள். அவனால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, நாலு வயசில ஒரு பிள்ளை இருக்கு எனக்கு. போர்டைப் பாத்துத்தான் வந்தனான். கொஞ்சம் யோசிச்சு எழுதுங்கோ."

அவள் நிமிரவேயில்லை. பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

"தமிழ் ஆளெண்டு நம்பினது என்ர பிழை" என்றான் அவன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதியைப் போலீஸ்காரரிடம் கொடுத்தாள். அவர் படித்தார், புருவம் உயர்ந்தது. தன் அபராத டிக்கெட் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, இழுவை வண்டிக்காரனைக் கூப்பிட்டார்.

இன்னொரு பிரதியை நிருஜனிடம் நீட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட நாலு வார்த்தை தமிழ்ல பேசியிருந்தாலும், தெரிஞ்சவங்களுக்காக எழுதிட்டேன்னு இதைத் தூக்கிக் குப்பைல போட்டுடுவாங்க. உங்க கம்பெனிக்கு இதை இன்னிக்கே அனுப்பிடுங்க."

சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போர்டைக் கழற்றப் போனாள்.

நிருஜன் படித்தான்.

'டிரெய்லரின் உயரம் 13 அடி 5 அங்குலம்; சட்டத்துக்கு உட்பட்டது. போர்டில் உள்ள அளவு 13 அடி 8 அங்குலம். புதுத் தார் போட்டு ரோடு உயர்ந்ததால் இப்போதைய உண்மையான அளவு 13 அடி 4 அங்குலம். ஓட்டுநர் மீது எந்தத் தவறும் இல்லை.

தார் போட்ட பிறகு நேரில் வந்து அளக்காமலே, போர்டு சரியாக இருப்பதாகக் கையெழுத்திட்ட பொறியாளர்: அஞ்சனா கிரீஷ்.'