சிவந்த கை

பிற்பகலில் இளமாறனின் உள்ளங்கை சிவந்துவிட்டது. இறந்துபோன அப்பா போர்வெல் போட வாங்கிய பழைய கடனுக்காக, அவனும் மனைவி வெண்ணிலாவும் சேர்ந்து வைத்திருந்த கணக்கை வங்கி முடக்கியிருந்தது. கணக்கு முடங்கினால் கையும் முடங்கும். கடையோ பேருந்தோ ஆஸ்பத்திரிக் கதவோ அந்தக் கைக்குத் திறக்காது. அப்படிப்பட்டவருக்குக் கதவு திறந்துவிடுபவரின் கணக்கும் சேர்ந்தே முடங்கும்.

அந்த நேரம் பார்த்து நிறைமாதமாக இருந்த வெண்ணிலாவுக்கு இடுப்புவலி கண்டது.

ஆனையூர் முக்கில் சிவந்த கையைப் பார்த்ததும் ஆட்டோக்கள் ஒதுங்கிப் போயின. ஒன்று மட்டும் நின்றது. ஓட்டி வந்தவள் ஜெசிந்தா.

"அக்கா, எங்களை ஏத்தினா உங்களுக்கும்..."

"தெரியும்ப்பா. புள்ளயை மெதுவா ஏத்து."

"வண்டிக்குத் தவணை கட்டணுமேக்கா?"

"கட்டணும்தான். வலியில துடிக்கிறவளை ரோட்டுல வச்சுக்கிட்டா அதைப் பேசுவ?"

ஆஸ்பத்திரி வாசலில் ஜெசிந்தா இறங்கி, தயங்காமல் தன் கையைக் கதவில் வைத்தாள். கதவு திறந்தது. வெண்ணிலாவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். ஜெசிந்தாவின் கை மெல்லச் சிவந்தது. அந்தக் கைக்கு மட்டுமே ஓடும் ஆட்டோவும் அணைந்துபோனது.

உள்ளே போன சற்று நேரத்திலேயே குழந்தை பிறந்தது. இளமாறன் கதவு மூடிக்கொள்ளாதபடி செருப்பைச் செருகிவிட்டு வெளியே ஓடிவந்தான். ஜெசிந்தா தன்னந்தனியாக ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. பாய்ந்து போய்ப் பின்னால் தோள் கொடுத்தான்.

"பொண்ணுக்கா."

"ரெண்டு பேரும் சுகமா?"

"சுகம்க்கா."

"அப்ப இந்த மேடு வரைக்கும் தள்ளு. அப்புறம் ஓடிப்போய் அவ பக்கத்துல இரு."